தோட்டக்காரன் இல்லாத தோட்டம்

பத்ரிநாத் யாத்திரை போய் வந்த பாட்டியோ அத்தையோ இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. திரும்பி வந்தவர்கள் கங்கைச் சொம்பையும் பிரசாதத்தையும் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், பஸ் மலையோரமாக வளைந்து வளைந்து போனதையும், கீழே அதல பாதாளத்தில் அலகநந்தா ஓடினதையும், தாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு விஷ்ணு சகஸ்ரநாமம் சொன்னதையும் கதை கதையாகச் சொல்வார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "ஜோஷிமட்டைத் தாண்டியதும் கோவிந்த் காட் என்று ஓர் ஊர் வந்ததே, அங்கே இறங்கினீர்களா?"

"அங்கே என்ன இருக்கிறது? சீக்கியர்கள்தான் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். நாங்கள் நேரே பத்ரிக்குப் போய்விட்டோம்" என்று பதில் வரும்.

பாவம், அவர்கள் தவறவிட்டது இன்னதென்று அவர்களுக்கே தெரியாது! அங்கே இறங்கி ஒரு பகல் மலை ஏறி, மறுநாள் காலை இன்னும் சிறிது தூரம் நடந்திருந்தால், பனிச் சிகரங்களுக்கு நடுவே ஒரு தோட்டத்தைக் கண்டிருப்பார்கள். சுமார் ஐந்நூறு வகைத் தாவரங்கள் வளரும் இடம். யாரும் விதைத்ததில்லை, யாரும் பாத்தி கட்டியதில்லை, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதும் இல்லை. 'பூலோன் கி காட்டி' என்று ஹிந்தியில் பெயர். பூக்களின் பள்ளத்தாக்கு என்று நாம் சொல்லலாம். உத்தராகண்டின் சமோலி ஜில்லாவில் இருக்கும் இந்த 87.5 சதுர கிலோமீட்டர் மலைப் பிரதேசம் 1982-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஒரே ஒரு நிபந்தனை. அங்கே பூவைப் பார்க்கலாம், பறிக்கக் கூடாது. முழம் போட்டு வாங்கித் தலை நிறைய வைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான நிபந்தனைதான். ஆனால் இந்த இடத்தின் கதை முழுவதும் அந்த நிபந்தனைக்குள்தான் இருக்கிறது.

ஏறும் வழி

முதலில் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று நதிகள் கூடும் துறைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, காலையில் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கே இருப்பது நரசிம்மர் கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் திருப்பிரிதி என்று இதைத்தான் சொல்வார்கள். 2024-ல் இந்த ஊரின் பெயரை ஜோதிர்மட் என்று மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜனவரியில் ஊரின் பூமியே உள்வாங்கி, வீடுகளின் சுவர்கள் பிளந்து, குடும்பங்கள் சாமான்களோடு வெளியேற நேர்ந்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இமயமலை பார்க்கத்தான் கல்மலை. உள்ளுக்குள் அது நாம் நினைப்பதைவிட மெலிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

ஜோஷிமட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் போனால் கோவிந்த் காட். இங்கே அலகநந்தாவின் மேல் பாலத்தைக் கடந்து, ஜீப்பில் நாலு கிலோமீட்டர் போனால் புல்னா என்ற சிற்றூர். சக்கரம் உள்ள வண்டிகளுக்கு அதோடு சரி. அப்புறம் காங்கரியா வரையில் சுமார் பத்து கிலோமீட்டர் ஏற்றம். நடக்க முடிந்தவர்கள் தடியை ஊன்றி நடக்கலாம். முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு. 'கண்டி' என்று ஒன்றும் உண்டு; முதுகில் கட்டிய கூடையில் ஆளை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். நம்மைச் சுமக்கும் அந்த மனிதர் மூச்சு வாங்காமல் ஏறுவார். கூடையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் மூச்சு வாங்கும்!

காங்கரியா ஏறக்குறைய 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி தொட்டபெட்டாவைவிட நானூறு மீட்டருக்கு மேல் உயரம். ஒரே தெரு, இருபுறமும் விடுதிகளும் சப்பாத்திக் கடைகளும். பனிக்காலத்தில் ஊரையே பூட்டிவிட்டு எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள். இங்குள்ள குருத்வாராவில் ஜாதி மதம் கேளாமல் சாப்பாடும் படுக்க இடமும் கொடுக்கிறார்கள். இங்கிருந்து ஆறு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேமகுண்டம் வரும். ஏரிக்கரையிலேயே லட்சுமணனுக்கும் ஒரு கோயில் இருக்கிறது. கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். நீங்கள் இடது பக்கம் திரும்ப வேண்டும்.

திரை விலகுகிறது

வனத்துறைக் காவல் சாவடியில் பெயரை எழுதிக் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே நுழைந்தால், உடனே பூ எதுவும் கண்ணில் படாது. ஏமாந்துவிடாதீர்கள். முதலில் மரங்கள் அடர்ந்த காடு. பிறகு புஷ்பவதி நதி. பெயர் மட்டுந்தான் மென்மையானது. நதி பாறைகளைப் புரட்டிக்கொண்டு கர்ஜித்து ஓடும். இரண்டு பக்கமும் கற்சுவர்கள் நெருங்கி நிற்கும். பாலத்தைக் கடந்ததும் முழங்காலைப் பரீட்சை பார்க்கும் ஏற்றம். உயரம் ஏற ஏற மரங்கள் குட்டையாகி, கடைசியில் பூர்ஜ மரங்கள் மட்டும் மிஞ்சும். காகிதம் இல்லாத காலத்தில் சுவடி எழுதினார்களே, அந்தப் பூர்ஜ பத்திரம் இந்த மரத்தின் பட்டைதான். அதுவும் நின்றுபோன இடத்தில், நாடகத்தில் திரையை விலக்கினாற்போல, பள்ளத்தாக்கு சட்டென்று விரிகிறது.

எதிரே சுமார் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சை விரிப்பு. இரண்டு பக்கத்து மலைச் சுவர்களிலிருந்தும் வெள்ளி நூல் நூலாக அருவிகள் இறங்குகின்றன. கோடியில் திப்ரா பனியாறு. அங்கேதான் புஷ்பவதி பிறக்கிறாள். அதற்கும் மேலே ரதபன், கௌரி பர்வதம் முதலிய ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள். மேகம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. ஐந்து நிமிஷத்தில் அது விலகினால், முன்பு பார்த்தது வேறு இடமோ என்று தோன்றும்.

இப்போது குனிந்து காலடியைப் பாருங்கள். இளஞ்சிவப்பில் ஆளுயரம் நிற்கிறதே, அது நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் காசித்தும்பையின் நெருங்கிய உறவு. முற்றிய காயைத் தொட்டால் 'பட்'டென்று வெடித்து விதை தெறிக்கும் குறும்பும் அப்படியே இருக்கிறது. ஊதா நிறத்தில் ஜெரேனியம். மஞ்சளும் ரத்தச் சிவப்புமாகப் பொடன்டில்லா. பாறை இடுக்கில் உடம்பெல்லாம் முள்ளும் தலையில் வானத்தின் நீலமுமாக நிற்பது நீலப் பாப்பி. அபூர்வமான பூ, கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். நிழலில் ஒன்று பாம்பு படம் எடுத்தாற்போல் நிற்கும். கோப்ரா லில்லி என்று பெயர். பயப்பட வேண்டாம், கடிக்காது.

பிரம்ம கமலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். "எங்கள் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கிறதே, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பூத்தது, அக்கம்பக்கத்தாரை எல்லாம் எழுப்பிக் காட்டினோம்" என்று சிலர் சொல்லக்கூடும். அது மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்த கள்ளி வகைச் செடி. அழகானதுதான், ஆனால் இமயத்துப் பிரம்ம கமலம் வேறு. இது சாமந்தி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. உத்தராகண்டின் மாநில மலர். வெளிறிய மஞ்சள் நிறத்தில், எண்ணெய்க் காகிதம் போன்ற இதழ்கள் ஒன்றை ஒன்று மூடிக்கொண்டிருக்கும். உண்மையில் அவை இதழ்கள் அல்ல, இலைகள்! உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு ஊதாப் பூக்களைக் குளிர் தாக்காமல் போர்த்திக் காக்கின்றன. குழந்தையைக் கம்பளியில் சுற்றி வைக்கும் தாயார் செய்வது இதைத்தான். இதைப் பார்க்க ஹேமகுண்டத்துக்கு ஏற வேண்டும். ஆவணி மாதம் நல்ல சமயம்.

நாலு மாதக் குடித்தனம்

இத்தனை பூக்களும் ஏன் இங்கே வந்து ஒரே சமயத்தில் கூடுகின்றன? காரணம் அவசரம். வருஷத்தில் பாதிக்கு மேல் இங்கே பனி மூடியிருக்கிறது. அது உருகி மண் தெரிவது ஜூன் மாதத்தில். அக்டோபர் முடிவதற்குள் மறுபடி பனி வந்துவிடும். முளைத்து, இலை விட்டு, பூத்து, வண்டை அழைத்து, காய்த்து, விதை சிந்த வேண்டிய குடித்தனம் முழுவதையும் அந்த நாலைந்து மாதத்துக்குள் நடத்தி முடிக்க வேண்டும். வண்டும் ஈயும் குறைவு. ஆகவே ஒவ்வொரு செடியும் தன் கடைதான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று விளக்குப் போட்டு வைக்கிறது. வாரத்துக்கு வாரம் காட்சி மாறும். ஜூனில் பனிக்கட்டியின் ஓரமாகப் பிரிமுலாவும் அனிமோனும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரையில் மழையில் நனைந்த கோலாகலம். செப்டம்பரில் பூ குறைந்து, வானம் தெளிந்து, இலைகள் செம்பு நிறம் கொள்ளும்.

ஒரு கல்லறை

1931-ல் காமெட் சிகரத்தை முதன்முதலில் ஏறி முடித்துத் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயரும் அவருடைய தோழர்களும் மழைக்கு ஒதுங்க வழி தேடி, பியுந்தார் கணவாயைத் தாண்டி இங்கே இறங்கினார்கள். 1937-ல் ஸ்மைத் திரும்பவும் வந்து தங்கி, செடி விதைகளைச் சேகரித்தார். மறு வருஷம் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே இந்தப் பள்ளத்தாக்குக்கு நிலைத்துவிட்டது. அவர் இதைக் 'கண்டுபிடித்தார்' என்று வழக்கமாக எழுதுவார்கள். பியுந்தார் கிராமத்து இடையர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் ஆடு ஓட்டி வந்த இடமல்லவா?

புத்தகம் வந்ததற்கு அடுத்த வருஷம், 1939-ல், இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி இங்கே வந்து சேர்ந்தார். ஜோன் மார்கரெட் லெகி. பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், வயது 54. அந்த நாளில் மோட்டார் பாதை இத்தனை தூரம் வரவில்லை. சுமையாட்களோடு நாள் கணக்கில் நடந்து வந்து, கூடாரம் போட்டுத் தங்கி, செடிகளைச் சேகரித்துக் காகிதங்களுக்கு நடுவே பதப்படுத்தி வைத்தார். ஜூலை 4-ம் தேதி, பூச் சேகரிக்கச் சரிவில் ஏறிய இடத்தில் கால் வழுக்கி விழுந்து இறந்து போனார். பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்தார்கள். பிற்பாடு அவருடைய சகோதரி இங்கே வந்து ஒரு கல் நாட்டினார். மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுப்பதைப் பற்றிய பைபிள் வாசகம் ஒன்று அதில் பொறித்திருக்கிறது.

இன்று அந்தக் கல்லைச் சுற்றி வருஷா வருஷம் பூத்துக் குலுங்குகிறது. போகிறவர்கள் அங்கே சிறிது நேரம் உட்காராமல் திரும்புவதில்லை. தனக்காக யாரும் ஒரு பூவைக்கூடப் பறித்து வைக்கக் கூடாது என்ற சட்டம் உள்ள இடத்தில், பூக்களுக்கு நடுவே படுத்திருக்கிறார் அந்த அம்மாள்.

ஆடுகள் போன பிறகு

இனி அந்த நிபந்தனையின் மறுபக்கத்துக்கு வருவோம். தேசியப் பூங்கா என்று ஆனதும், பள்ளத்தாக்கில் ஆடு மாடு மேய்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மந்தைகள் மிதித்துத் துவைக்கின்றன. மூலிகைக் கிழங்குகளைத் தோண்டி எடுத்துப் போகிறார்கள். இப்படியே விட்டால் அபூர்வச் செடிகள் அற்றுப்போகும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் கோடை மேய்ச்சலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது ஒரே நாளில் வாசலைச் சாத்தினது போல் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பள்ளத்தாக்கில் 'அமேலா' என்று ஒரு செடி உண்டு. வெளியிலிருந்து வந்ததல்ல, இந்த மலைக்கே உரியது. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. ஆள் மறையும் உயரம். மண்ணுக்குள்ளே வேர் ஓடி ஓடிப் பரவும். ஆடுகள் இதன் இளங்குருத்தை மேய்ந்து அடக்கி வைத்திருந்தன. ஆடுகள் போனதும் இது தலைவிரித்து ஆடத் தொடங்கி, சின்னச் செடிகளை நிழலில் போட்டு அமுக்குகிறது என்பது ஒரு சாராரின் கட்சி. முன்பே மந்தைகள் தங்கி மண் கெட்டுப்போன இடங்களில்தான் இது அதிகமாக வளருகிறது. மறுபடி ஆடுகளை விடுவது மருந்தாகாது என்பது எதிர்க் கட்சி. வாதம் தீரவில்லை. அதுவரையில் பருவந்தோறும் ஆட்களை விட்டு அமேலாவைக் கையால் பிடுங்கி எறிகிறார்கள்.

தோட்டக்காரன் இல்லாத தோட்டம் என்றேனே, பார்த்தீர்களா? ஆடு மேய்த்த கிழவர்தான் இத்தனை காலம் தோட்டக்காரராக இருந்தாரோ என்ற சந்தேகம் இப்போது வந்திருக்கிறது!

பியுந்தார்க்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. விடுதி நடத்தினார்கள், கழுதை ஓட்டினார்கள், யாத்திரிகர்கள் வழியெல்லாம் எறிந்த பிளாஸ்டிக் குப்பியையும் பிஸ்கட் காகிதத்தையும் பொறுக்கிச் சுத்தம் செய்ய கிராமத்தார் குழு ஒன்றை அமைத்தார்கள். 2013 ஜூன் மாதம் உத்தராகண்டையே உலுக்கிய வெள்ளத்தில், லட்சுமண கங்கை பெருகிப் பியுந்தார் கிராமத்து வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. நடைபாதையும் பாலங்களும் அறுந்தன. பாதையைப் புதிதாக வெட்டித்தான் பள்ளத்தாக்கை மறுபடி திறக்க முடிந்தது. நீங்கள் காங்கரியாவில் சூடாக ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடிக்கும்போது, அதைக் கொடுக்கிறவர் மேய்ச்சலையும் இழந்து வீட்டையும் இழந்தவராக இருக்கலாம். டீக்கு விலை பேசாதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

பள்ளத்தாக்கு ஜூன் முதல் தேதி திறந்து அக்டோபர் 31-ம் தேதி மூடுகிறது. காலையில்தான் உள்ளே விடுவார்கள். பிற்பகலுக்கு மேல் அனுமதி இல்லை. சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ராத்தங்க இடம் கிடையாது. கூடாரமும் போட முடியாது. கழுதைக்கும் அனுமதி இல்லை. உள்ளே ஒரு கடைகூட இல்லாததால் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போங்கள். கட்டிப்போன காகிதத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பட்டுப் புடைவையைப் பத்ரிநாதருக்கு என்று தனியே வைத்துவிடுங்கள். மலை ஏறச் சல்வார், கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, வழுக்காத காலணி. ஈரமான துணி அங்கே உலராது. காலுறை இரண்டு ஜோடி அதிகமாக வேண்டும். காங்கரியாவில் ஒரு ராத்திரி தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிய பிறகே மேலே போங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் வீரம் காட்டாமல் கீழே இறங்கிவிடுவதுதான் வைத்தியம். இருதயம், ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்புமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூ அதிகமாக இருக்கும் காலமும் மலை சரியும் காலமும் ஒன்றே. ஆகவே திரும்புகிற ரயிலுக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் வாங்குவது புத்திசாலித்தனம். ஹேமகுண்டத்துக்கும் போவதானால் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கிருந்து கோவிந்த் காட்டுக்கு இறங்கிவிட்டால் பத்ரிநாத் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். பெருமாளையும் சேவித்துவிட்டு வரலாம்.

எந்த மாதம் போவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் பூத்திருக்கும் காலம் அச்சாக நம் ஆடி மாதம். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, சீமந்தம் இல்லை. 'ஆடியில் ஒரு நல்ல காரியமும் கிடையாது' என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், ஒன்று இருக்கிறது என்று சொல்லிக் கிளம்புங்கள். திரும்பி வரும்போது கூந்தலில் மட்டும் பூ இருக்காது.